பித்தளை டம்ளர் திரும்பி வந்த கதை

எங்கள் வாலிகண்டபுரத்தை ஒட்டிப் போகும் திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில், சில வருஷங்களாகவே எங்கு பார்த்தாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைதான். காபி வருவது பளபளவென்ற பித்தளை டபரா டம்ளரில். அதைப் பார்த்தாலே எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிடும்.

பாட்டி வீட்டில் எல்லாமே பித்தளை. 1980களில் அம்மா அத்தனையையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தே அவள் விரல்கள் வெடித்திருக்கும்.

போன தீபாவளிக்கு ஆசை தாங்காமல் ஆறு செட் வாங்கிவிட்டேன். "காபிக்கா, டம்ளருக்கா இவ்வளவு பணம்?" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் காபி அமிர்தம்! மூன்றாம் நாள் சின்னவள் அந்த டம்ளரில் மோரை ஊற்றி வைத்து மறந்துவிட்டு, சாயந்திரம் வந்து குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி. டாக்டரிடம் ஓடினோம். மறுநாள்தான் எனக்கு உயிர் வந்தது.

மாமியார் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, உள்ளே ஈயமே பூசலையே! வெளியேதான் மினுக்கு."

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. மோர், புளி, எலுமிச்சை பட்டால் செம்பு கரைந்து இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஈயப்பூச்சு. முன்பெல்லாம் துருத்தியோடு தெருவுக்கே ஆள் வருவார்கள். இப்போது பெரம்பலூரில் விசாரித்து விசாரித்து ஒரு பெரியவரைப் பிடித்தோம்.

டம்ளரைக் கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடி தூவி, ஈயத்தைத் தொட்டு வைத்துத் துணியால் ஒரு சுழற்று. வெண்புகை கிளம்பி அடங்கினால் உள்ளே வெள்ளி மாதிரி! மாமியார் விடவில்லை. "வெள்ளீயம்தானே? காரீயம் கலக்கலையே?" காரீயம் விஷமாயிற்றே, குழந்தைகளின் மூளையையே கெடுக்கும். பெரியவர் சிரித்துக்கொண்டே ஈயக் குச்சியை என் காதருகே வளைத்தார். நறநறவென்று சத்தம். "காரீயம் ஊமைம்மா, சத்தமே போடாது" என்றார்.

சகோதரிகளே, இப்போதும் எங்கள் வீட்டில் மோருக்கும் ரசத்துக்கும் எவர்சில்வர்தான். பித்தளையில் காபி மட்டும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் உடனே மறுபடி ஈயம் பூசக் கொடுத்துவிடுவேன்.

சென்ற மாதம் அம்மா வந்திருந்தாள். பெருமையாகப் பித்தளை டம்ளரில் காபி கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "யார்டி தேய்க்கிறது?"