கலவை மெஷினை இழுக்கும் பிக்கப்

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் தளம் போடும் நாளன்று கலவை மெஷினை இழுத்து வருவது பெரும்பாலும் வயதான பொலிரோ பிக்கப், இல்லாவிட்டால் டாடா 407. ஒரு மூட்டை சிமெண்ட் கொள்ளும் ஹாப்பர் மெஷின் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அதற்கென்று தனி பிரேக் கிடையாது. பழைய டீசல் இன்ஜின் அதை முதல் கியரில் கிளப்பிவிடும். நிறுத்தும்போதுதான் வண்டியின் வயது தெரியும்.

காலியாகப் போகும் பிக்கப்புக்குப் பின்பக்கம் லேசு. பிரேக்கை மிதித்ததும் மெஷின் பின்னாலிருந்து தள்ளும். மழை ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதனால் தொழில் தெரிந்தவர்கள் செண்ட்ரிங் ஷீட், ஜாக்கி, டீசல் கேன் எல்லாவற்றையும் பிக்கப்பில் ஏற்றிய பிறகே கொக்கி மாட்டுவார்கள். பாரம் பின் அச்சுக்கு மேலே உட்கார வேண்டும். கடைசிப் பலகையோரம் குவித்தால் முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

கொக்கி சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பம்பரில் பற்றவைத்தது என்றைக்காவது பிய்த்துக்கொண்டு வரும். பழைய வண்டியில் அந்த இடத்துத் துருவையும் வெல்டிங் விரிசலையும் பார்த்த பிறகுதான் பிரேக் ஷூவையே பார்க்க வேண்டும். கொக்கியில் மாட்டும் பின் தொலைந்தால் கட்டுக்கம்பியை முறுக்கிச் செருகிக்கொண்டு கிளம்பும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. சரியான பின், அது கழலாமல் இருக்க லாக், அதுவும் போனால் தாங்கிக்கொள்ளத் திருப்பத்துக்கு வேண்டிய தளர்வோடு ஒரு சங்கிலி, இந்த மூன்றும் வேண்டும். ஹாப்பரைத் தூக்கிப் பூட்டியிருப்பதையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதற்கு 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் மணிக்கு 25 கி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன. மெஷினை இழுக்கும்போதும் அதே வேகத்தை வைத்துக்கொள்வது நல்லது. நான்குவழிச் சாலையில் இந்த வேகம் பின்னால் வருபவருக்கு ஆபத்து என்பதால், முடிந்தவரை ஊர்ச்சாலையே நல்லது.

மலைப்பாதையில் இன்னும் கவனம் வேண்டும். திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போகும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாம் கியருக்கு வந்து இன்ஜினைப் பிடிக்கவிட வேண்டும். நியூட்ரலில் டீசல் மிச்சம் பிடிப்பது இங்கே கூடவே கூடாது.

வேலை இடத்துக்கு வந்த பிறகு நாலு சக்கர மெஷினை ரிவர்ஸில் தள்ளப் பார்த்தால் இழுவைக் கம்பி மடங்கும். கழற்றி, ஆட்கள் கைகொடுத்து உருட்டுவதே வழி. பின்னைப் பிடுங்குமுன் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைக்க வேண்டும்.