கிளுவை வேலிக்கு உள்ளே

கொங்கு நாட்டில் இன்றைக்குக் காங்கேயம் காளையின் படம் ஒட்டாத சரக்கு ஆட்டோவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடி, ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்த பிறகு, அந்தத் திமிலும் கொம்பும் பனியன், பைக், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டன. எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் எந்தப் படத்திலும் காளையின் காலடியில் புல் இருக்காது. சில படங்களில் நெருப்புகூட இருக்கிறது, புல் இல்லை. அந்த மாட்டை உண்டாக்கியதே புல்தான் என்று நினைப்பவன் நான்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி சுற்று வட்டாரத்தில் மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பேர். ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை பெய்தாலே நல்ல வருசம் என்று சொல்லும் பூமி அது. மண் ஆழமில்லை; ஒரு முழம் வெட்டினால் சுக்கான் கல். அதில் வெள்ளாமை வைத்து நஷ்டப்படுவதைவிடப் புல்லை விட்டு மாட்டையும் செம்மறியையும் மேய்ப்பது மேல் என்று எந்தக் காலத்திலோ யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கொழுக்கட்டைப் புல்லுக்கு அந்த மண் போதும். நாலைந்து மாதம் காய்ந்து சருகாகிக் கிடந்தாலும் ஒரு மழைக்குத் தூரிலிருந்து பச்சை கிளம்பிவிடும். அங்கங்கே வெள்வேல மரங்கள். பங்குனி, சித்திரையில் புல் தீர்ந்து மாடு மண்ணை மோந்துகொண்டு நிற்கும்போது அந்த மரத்துக் காய் உதிரும். ஆடுமாடுகளுக்குக் கோடையைக் கடத்திக்கொடுத்தது அந்தக் காய்தான்.

காட்டைச் சுற்றிலும் கிளுவை வேலி. போத்து வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும் மரம், கிளையெல்லாம் முள். நெருக்கி நட்டு, வளர வளரக் கிளையை மடக்கிப் பின்னிவிட்டால் சில வருசத்தில் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத சுவராகிவிடும். பெரிய காட்டை இரண்டு மூன்றாகத் தடுத்து உள்ளேயும் வேலி ஓடும். ஒன்றில் மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து அடுத்ததில் விடுவார்கள். முதலாவது அதற்குள் தளிர்த்துக்கொள்ளும். சில வருசத்துக்கொரு தரம் நல்ல மழையில் உழுது சோளமோ கம்போ விதைப்பார்கள். அறுத்த பிறகு புல் மறுபடியும் தானே வரும். ஹாலிவுட் படங்களில் குதிரை மேல் ஏறி மாட்டைத் துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பக்கத்தில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் வேலை முடிந்தது. ராத்திரியும் மாடு அங்கேயே, கட்டுத்தறி கிடையாது.

அம்மாவைப் பெற்ற எங்கள் அப்பிச்சிக்கு இருந்தது சின்னக் காடு. பெரிய காட்டைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை, பழையகோட்டை இருந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளை பார்த்துப் பார்த்து வளர்த்த மந்தைதான் காங்கேயம் இனத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936இல் புத்தகம் எழுதிய லிட்டில்வுட் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் அந்த மந்தையை எழுதாமல் விடவில்லை. பட்டக்காரர் வீட்டுக் காளைக்குப் போட்ட கன்று என்று சொன்னால் சந்தையில் விலை வேறு.

கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகிவிடும். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்னங்காலும் பின்னந்தொடையும் கறுத்துக்கொண்டே போகும்; காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு வெளுக்கும். அப்பிச்சி மாட்டுக்காரனிடம் வயசு கேட்க மாட்டார். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பிறகு மாட்டை நடக்கவிட்டுப் பின்னங்கால் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பாலைப் பற்றிப் பேச்சே வராது. வேளைக்கு ஒரு லிட்டர் கறந்தால் அதுவே தாராளம், அதிலும் பாதி கன்றுக்கு. இந்த மாடு பாலுக்கு வளர்த்ததல்ல, இழுப்புக்கு வளர்த்தது.

இழுப்பு என்றால் வண்டி, ஏர் மட்டுமல்ல. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை. ஒரு ஜோடி எருது சரிவில் இறங்க, வடத்தின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுக்க, தோல் வால் வைத்த சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். பிறகு எருதுகள் பின்னோக்கியே மேடேறும். விடியக் கருக்கலில் தொடங்கி வெயில் ஏறும்வரை இதேதான். முன்னால் இழுக்கும் மாடு எங்கும் உண்டு. அத்தனை நேரமும் சலிக்காமல் பின்னால் ஏறும் மாட்டுக்குத்தான் காங்கேயத்துக்கு வந்தார்கள். 1930களில் பைகாரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. பிறகு கம்பி மெல்ல மெல்லக் காடுகளுக்குள் நுழைந்து, கிணற்று மேட்டில் மோட்டார் அறை முளைத்தது. மாட்டைத் தோற்கடித்தது ஜெர்சி மாடு என்கிறார்கள். எனக்கென்னவோ முதல் அடி கொடுத்தது அந்த மோட்டார்தான் என்று தோன்றுகிறது. ஜெர்சியும் டிராக்டரும் பின்னால் வந்து மிச்சத்தை முடித்தன.

சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் மாரியம்மன் தேர்த் திருவிழாவும் மாட்டுச் சந்தையும் சேர்ந்து வரும். விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. பக்கத்தில் நிற்பவனுக்குத் தரகர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியாது. அப்பிச்சி ஒரு ஜோடிக்கு விலை முடித்துவிட்டு அமுச்சியிடம் வீட்டில் சொன்னது ஒரு தொகை, என் மாமாவிடம் சொன்னது வேறு தொகை. உண்மை அந்தத் துண்டோடு போயிற்று.

பட்டிப் பொங்கலையும் சொல்ல வேண்டும். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் பட்டிக்குள் மண்ணும் சாணியும் குழைத்துச் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் ஊற்றுவோம். ஆவாரம்பூவும் சிறுபூளையும் வைத்துப் படையல் முடிந்ததும், ஒரு கன்றை ஓட்டிவந்து அந்தக் குளத்தை மிதிக்க வைப்பார்கள். குளத்தை அழகாகக் கட்டியதே மிதிபடத்தான் என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய வருத்தம்.

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது வேலிக்குச் சொந்தக்காரர்களின் ஞாபகம். வேலியைக் கட்டியவர்களுக்கும் ஞாபகம் உண்டு. கவைக்கோலால் முள்ளை அமுக்கிப் பின்னியவர்களும், சாலுக்குத் தோல் தைத்தவர்களும், மாடு மேய்த்த பையன்களும் பெரும்பாலும் மாதாரிச் சாதிக் குடும்பங்கள். அப்பிச்சி காட்டில் சிறுவயதில் மாடு மேய்த்த ஒருவரை அண்மையில் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். அப்பிச்சியைச் சாமி என்றுதான் கூப்பிட்டவர். என்னைத் தம்பி என்கிறார். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

“ஏனுங்கய்யா, அந்தக் காலத்துக் கொரங்காடு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“முள்ளு ஞாபகம் இருக்குது தம்பி. மார்கழிப் பனியில செருப்பில்லாம மாடு ஓட்டுனது ஞாபகம் இருக்குது. மாசத்துக்கு இத்தன வள்ளம் கம்புன்னு எங்கப்பன்கிட்டப் பேசி என்னைய உட்டாங்க. சோத்த வாசல்ல நின்னு வாங்குவேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா மாட்டுக்கு என்னையத் தெரியும்” என்றும் சொன்னார். அவர் பையன்கள் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். மாடு மேய்க்க அனுப்பாததற்கு அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கொரங்காடு குறைந்ததற்குக் காற்றாலை, தென்னை, வீட்டுமனை, பாகப்பிரிவினை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. கூலி கொடுத்து வேலி கட்ட ஆள் பிடிக்கும் நிலைக்கு நாம் வந்ததும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்த உழைப்பின் மேல் நின்றிருந்த வேலி அது. இப்போது காளைக்குச் சிலை வைக்கவும், கண்காட்சியில் மாலை போடவும் பணம் வருகிறது. புல்லுக்கும் முள்ளுக்கும் வருவதில்லை. குட்டப்பாளையத்தில் காங்கேயம் மாட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை கொரங்காட்டையும் சேர்த்துப் பேசிவருகிறது. அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

என் மாமா மகனுக்கு மட்டும் அப்பிச்சி காட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. கிழக்குப் பக்கத்து வேலி செத்து இடைவெளி விழுந்துவிட்டது. முள்கம்பி போடலாம் என்றிருந்தான். நான் அந்தப் பெரியவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வேலியோரம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு, தான் நின்று சொல்லித்தருவதாகவும், இரண்டு பையன்கள் வேண்டும் என்றும் சொன்னார். பையன்களுக்குத் திருப்பூரில் ஒரு ஷிப்டுக்குக் கிடைக்கும் கூலி, தனக்கு அதற்கு மேல், மத்தியானச் சாப்பாடு வீட்டுக்குள் உட்கார்ந்து. மாமா மகன் கூலியைக் குறைக்கப் பார்த்தான். “கம்பி விலைய விசாரிச்சுட்டு வாங்க தம்பி, நா எங்கயும் போகல” என்றார் அவர். விசாரித்தான். மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான்.