மூன்று புகைபோக்கியா, நான்கா?

செப்டம்பர் 22, வண்டியூர்

இந்தத் தேதிக்குத் தமிழ்நாட்டில் இரண்டு நினைவுகள் உண்டு. 1914இல் இதே நாள் இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. 1921இல் இதே நாள் மதுரை மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறினார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி இங்கே காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எம்டனோ வெறும் சொல்லாக மிஞ்சிவிட்டது. 'அவன் சரியான எம்டன்' என்பவருக்கு அந்தக் கப்பலின் உருவம் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது மாதிரிக் கப்பல். ஆஸ்திரேலியாவில் 'டாஸ்க் ஃபோர்ஸ் 72' என்றொரு சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் 72இல் ஒரு பங்கு அளவில் போர்க்கப்பல்கள் செய்து, சிட்னியிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் எம்டன் 1.64 மீட்டர், 1914 நவம்பர் 9இல் அதை வீழ்த்திய 'சிட்னி' கப்பல் 1.93 மீட்டர். எம்டனின் பீரங்கிக்கு வாய் 10.5 செ.மீ., சிட்னியுடையதற்கு 6 அங்குலம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எம்டன் ஏன் தோற்றது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும்.

செப்டம்பர் 23

அருங்காட்சியகம் அசலுக்கான இடம், நகலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போர்க்கப்பலின் அசலைக் காப்பாற்றுவது எளிதல்ல. 1961இல் கடற்படையில் சேர்ந்த நம் முதல் விமானந்தாங்கி விக்ராந்த், 1997இல் ஓய்வு பெற்றபின் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014இல் பழைய இரும்புக்கு விலைபோனது. அதன் நீளம் 213 மீட்டர். ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள நம் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் இறக்கினால் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைத்துக்கொள்ளும். 350இல் ஒரு பங்காகச் செய்தால் இரண்டு அடிதான், ஓர் அலமாரித் தட்டு போதும். இதைவிடப் பெரிய சான்று 'கௌண்டின்யா'. வரைபடம் ஏதும் இல்லாமல், அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கயிற்றால் தைத்துக் கட்டிய பாய்மரக் கப்பல் அது. அதற்காகச் சென்னை ஐஐடியில் மாதிரியை வைத்துத்தான் நீரோட்டச் சோதனை செய்தார்கள். அங்கே மாதிரிக்குப் பிறகே அசல் வந்தது.

செப்டம்பர் 24

இன்னொரு மறுப்பு: காந்தி அரையாடை பூண்ட ஊரில் போர்க்கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டாடலாமா? கொண்டாடக் கூடாது, விளக்கிக் காட்டலாம். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பலென்று எதிரி நம்புவதற்காக நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டுக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து, ரஷ்யக் கப்பல் 'ஜெம்சுக்'கை மூழ்கடித்தது. எம்டன் மாதிரி செய்பவர் எந்த நாளின் எம்டனைச் செய்கிறோம் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். மூன்றா, நான்கா என்று கேட்கும்போதே வீரப் பெருமை பின்னே போய், போரின் சூது முன்னே வந்துவிடுகிறது. மாதிரி செய்வதற்குத் தனி ஆளைவிடச் சங்கம் நல்லது. ஒருவர் செய்ததை இன்னொருவர் அளந்து பார்த்துத் தப்பைச் சொல்வார். பெட்டியின் அடியில், சென்னையில் அன்றிரவு வணிகக் கப்பலில் இறந்தவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும், அது கொண்டாட்டம் ஆகாது. தொடங்குவதற்கு ஆட்களைத் தேடவும் வேண்டாம். என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குக் கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டியாகவே இருக்கிறது. தை மாதம் தெப்பம் பார்க்க ஊரே வண்டியூருக்குத் திரளும்போது, அந்த மாதிரிகளுக்கு மதுரை அருங்காட்சியகங்கள் ஒரு வாரம் ஓர் அறையைத் திறந்துவிடட்டும்.