சுளகும் மேஜையும்

குற்றாலத்துச் சாரலில் யாராவது அரசியல் பொருளாதாரம் படிப்பார்களா? நான் படித்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தென்காசியில் காலஞ்சென்ற பெரியப்பாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 'கார்ப்பரேட்டிசம்' பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தேன். பெயரைக் கேட்டுக் கம்பெனிக்காரர்களின் ராஜ்யம் என்று எண்ணிவிடாதீர்கள். லத்தீனில் 'கார்ப்பஸ்' என்றால் உடம்பு. முதலாளி, தொழிலாளி, சர்க்கார் எல்லாம் ஒரே உடம்பின் அங்கங்கள்; சண்டை போடாமல் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பது தத்துவம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முசோலினிக்கும் நன்றாக இருந்தது. 1926-ல் வேலைநிறுத்தத்தைத் தடை செய்துவிட்டு, 1934-ல் தொழில்வாரியாக 22 கார்ப்பரேஷன்களை அமைத்தார். தொழிலாளிக்கும் நாற்காலி உண்டு. அதில் யார் உட்காருவது என்பதைக் கட்சி பார்த்துக்கொண்டது! ஸ்வீடனிலோ 1938-ல் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் சர்க்காரை ஒதுக்கி வைத்துத் தாங்களே உடன்பாடு செய்துகொண்டார்கள்.

நம் தேசத்திலும் அந்த மேஜையைப் போட்டார்கள். முத்தரப்பு மாநாடு 1942-ல் தொடங்கியது. 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலிக் கமிட்டியில் முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்றது. பீடித் தொழிலும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது.

இதை எதிர் வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். மடியில் சுளகு. கண் என்னைப் பார்க்க, விரல்கள் தம் பாட்டுக்கு இலையைச் சுருட்டி நூலைக் கட்டின.

"எங்களுக்காவ அங்க உக்காருதது யாரு தம்பி?"

"சங்கத்துக்காரர்கள், அக்கா."

"நான் எந்தச் சங்கத்துல இருக்கேன்? ஆயிரம் பீடிக்குன்னு குடுக்குத எலை எழுநூறுக்குத்தான் காணுது. மிச்சத்துக்குக் கைக்காசு போட்டு வாங்குதேன். அவுக கூலியக் கூட்டட்டும். எலைய யாரு கூட்டுவா?"

எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பா பீடி ஏஜெண்டாக இருந்த காலத்தில், கல்லூரி விடுமுறைகளில் இலை எடை போட்டவன் நான். "போதும், போதும்" என்பார். நானும் போதும் என்றே நம்பினேன். அந்தத் தராசின் முன் வரிசையில் நின்றவர்களில் இந்த அக்காவும் ஒருத்தி. அரசாணையில் ஏறிய கூலியை நாங்கள் தராசில் இறக்கிக்கொண்டிருந்தோம்.

1966-ன் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே ஒப்புக்கொண்டது. ஆனால் மில் தொழிலாளிகள் ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழைகிறார்கள். வாசலிலேயே கூட்டம் போடலாம். இவர்களுக்கு ஆளுக்கொரு திண்ணை. யாரை எங்கே கூட்டி, யாரை அந்த நாற்காலிக்கு அனுப்புவது?

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாரல் திண்ணைக்குள் அடித்தது. நனைந்த பீடியை ஏஜெண்டு கழித்துவிடுவார். சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நூற்கண்டு ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது.