கைக்கு மட்டுமே ஓய்வு

கொடிகாமத்திலிருந்து வவுனியா நூறு கிலோமீற்றருக்கு மேல். மோட்டார் சைக்கிளிற் செல்லும்போது, கிளிநொச்சி தாண்டுமுன்னரே நமது வலக்கை மரத்துவிடும். கைவிட்டால் தானே மூடிக்கொள்ளும் அக்சிலேற்றரை, அதன் வில்லுக்கு எதிராக ஓயாது திருகிப் பிடிப்பதே காரணம்.

அப்பிடியில் மாட்டும் சிறு தகடொன்றை வாங்கினோம். உள்ளங்கையால் அழுத்தினாற் போதும், விரல்கள் இளைப்பாறும். ஆனையிறவு வெளியில் அதன் அருமையை உணர்ந்தோம்.

திரும்புகையில், கொடிகாமம் சந்தையருகே கடகத்துடன் மூதாட்டி ஒருவர் குறுக்கே வந்தார். பிறேக் பிடிக்க விரல்களை நீட்டினோம். உள்ளங்கையோ தகட்டை அழுத்திற்று. நிற்கவேண்டிய வண்டி பாய்ந்தது. அவர் விலகியதாற் பிழைத்தோம். "மெல்லப் போ, தம்பி" என்றார். அச்சொல்லிற் சினமில்லை, அதுவே நம்மைச் சுட்டது.

இப்பொழுது ஊர்மனை நெருங்கியதும் வண்டியை நிறுத்தித் தகட்டைக் கழற்றிவிடுகிறோம். கைக்கு ஓய்வு கொடுக்கலாம், கருத்துக்குக் கொடுத்தலாகாது.