பனி இறங்கிய படிகள்

2023 ஆகஸ்டில் நாங்கள் நால்வர் சுவிட்சர்லாந்தின் அலெட்ச் பனியாற்றின்மீது இரண்டு நாட்கள் நடந்தோம். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்தில் இறங்கி, கான்கார்டியா குடிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மேர்யலன் வழியாக ஃபீஷ் என்ற ஊரை அடைவது திட்டம். எங்களுள் மூத்தவருக்கு அது புதிய வழியன்று. 1994-இல் தம் மனைவியுடன் இதே குடிலுக்கு வந்தவர் அவர். அம்மையார் காலமாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய சட்டைப்பையில் ஒரு புகைப்படம் இருந்ததைப் பின்னர்தான் அறிந்தோம்.

யுங்ஃப்ராவ்யோக் 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து செல்லும் அந்த ரயில்பாதை 1912-இல் திறக்கப்பட்டது. சுரங்கத்தை விட்டு வெளியேறியதும் வழிகாட்டி எங்களை ஒரே கயிற்றில் பிணைத்தார். பனிப்பிளவுகளின் வாயைப் புதுப்பனி மூடியிருக்கும். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்க வேண்டும். ஆதலால் கயிறு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. ஒருவர் மூச்சு வாங்கினால் நால்வரும் நின்றோம்.

பிற்பகலில் கான்கார்டியா சமவெளியை அடைந்தோம். பல பனி ஓடைகள் இங்கே கூடி ஒரே ஆறாகின்றன. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறுதான் ஆல்ப்ஸ் மலைகளிலேயே மிகப் பெரிய பனியாறு. எங்கள் காலடியில் ஏறத்தாழ 800 மீட்டர் பனி இருப்பதாக வழிகாட்டி சொன்னார். வந்து சேரும் ஓடைகளுள் ஒன்றின் பெயர் எவிக்ஷ்னேஃபெல்ட். 'என்றும் பனி வயல்' என்பது பொருள். பெயர் வைத்தவர்களின் நம்பிக்கையை எண்ணிக்கொண்டோம்.

குடில் தலைக்கு மேலே, பாறையின் உச்சியில் தெரிந்தது. முதல் குடிலை 1877-இல் கட்டியபோது பனி அதற்கு ஏறக்குறைய 50 மீட்டர் கீழேதான் இருந்ததாம். பனி தாழத் தாழ, பாறையில் இரும்புப் படிக்கட்டுகளைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இப்போது 400-க்கும் மேற்பட்ட படிகள்.

பாதிக்கு மேல் ஏறியபின் மூத்தவர் நின்றுவிட்டார். களைப்பு என்று எண்ணினோம். அவர் புகைப்படத்தை எடுத்துப் பாறையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தில் இளம் தம்பதியர் இருவர் பனிமீது நிற்கிறார்கள். பின்னால் பாறையில் சாய்வாக ஒரு வெண்கோடு. அதே வெண்கோடு அப்போது எங்கள் தோளுக்கு நேராக இருந்தது. கம்பிப் படிகளின் இடைவெளியூடே கீழே பார்த்தோம். அவ்விருவரும் நின்ற இடம் வெறும் காற்றாக இருந்தது.

"இங்கேதான் நின்றோம்" என்றார். யாரும் பேசவில்லை. பழைய இடங்களைத் தேடிப் போகிறவர்கள் இடிந்த வீட்டையோ வெட்டப்பட்ட மரத்தையோ காண நேரலாம். சுட்டிக்காட்ட ஒரு பிடி மண்ணேனும் மிஞ்சும். அவருக்கு அதுவும் இல்லை.

குடிலில் காலணிகளைக் கழற்றிவிட்டு, அங்கே வைத்திருந்த செருப்புகளை அணிந்துகொண்டோம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சூப்பு. பிறகு வரிசையாக விரித்த மெத்தைகளில் முன்பின் அறியாதவர்களுக்கு அருகே உறக்கம். வசந்த காலத்தில் இங்கே பனிச்சறுக்குப் பயணிகள் வருகிறார்கள். சறுக்குப் பலகையின் அடியில் பின்னோக்கி வழுக்காத பட்டைகளை ஒட்டிக்கொண்டு மேலேறுவார்கள். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலால் ஆன அவை இன்று வேறு இழைகளால் ஆனவை. பெயர் மட்டும் இன்னும் 'தோல்'தான். குடிலுக்கு வேண்டிய பொருட்களை ஹெலிகாப்டர் கொண்டுவருகிறது. மலைக்குள் ரயில், மலைக்கு மேலே ஹெலிகாப்டர்: பனியைக் காண வந்த நாங்கள் இவற்றின் தயவில்தான் அங்கே இருந்தோம். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

மறுநாள் பனியை விட்டுக் கரையேறி, பச்சைப் புல்லில் வேலையின்றி நின்ற பனிச்சறுக்குத் தூக்கிகளைக் கடந்து, கம்பிவட ஊர்தியில் ஃபீஷ் வந்தோம். அவ்வூர் மக்களின் நேர்ச்சை புகழ்பெற்றது. மேர்யலன் ஏரியின் நீரைப் பனியாறு அன்று அணைபோல் தடுத்து நின்றது. அது உடையும்போது வெள்ளம். ஆகவே பனி வளரக் கூடாது என்று 1678-இல் நேர்ந்துகொண்டார்கள். 1862-இல் அதற்கென ஊர்வலமும் தொடங்கினார்கள். பிறகு பனி சுருங்கத் தொடங்கியது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. 2009-இல் அதே ஊரார் வேண்டுதலை மாற்றப் போப்பாண்டவரின் அனுமதியைக் கோரினர். 2010-இல் அனுமதி கிடைத்தது. இப்போது பனி உருகாதிருக்க வேண்டுகிறார்கள்.

முதலில் கேட்கும்போது இது வேடிக்கையாகத் தோன்றலாம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்காக அஞ்சினார்கள். இன்று தண்ணீருக்காக அஞ்சுகிறார்கள். இரண்டிலும் பொய்யில்லை.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. தேவாலயத்தில் சற்று அமர்ந்தோம். எங்களுள் ஒருவரும் கிறிஸ்தவர் அல்லர். மூத்தவர் கண்களை மூடி நெடுநேரம் இருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளியே வந்ததும் புகைப்படத்தை எங்களிடம் தந்து, "வெண்கோடு தெரிகிறதல்லவா? இதற்கொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.