அப்பாவின் ஃபியட்டுக்குப் பவர் ஸ்டியரிங்

ஜனவரி 6, 2025, திங்கள்

அப்பாவின் ஃபியட் 1100 டிலைட்டுக்குப் பவர் ஸ்டியரிங் வைப்பதென்று இன்று முடிவானது. 1971 மாடல், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. அப்பாவுக்கு 76 வயது. கண்ணும் காலும் திடமாக இருக்கின்றன. வலது தோள்தான் படுத்துகிறது. ஓடும்போது சிரமமில்லை. எங்கள் தலத்தெருவின் சந்துகளில் வண்டியை நிறுத்தி ஒடிக்கும்போதுதான் முகம் சுருங்குகிறது. வண்டியை விற்க அவருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. ஒரே நிபந்தனை போட்டார்: "சஸ்பென்ஷன்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."

ஜனவரி 8, புதன்

மெக்கானிக் பாய் பவர் ஸ்டியரிங் மோட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை. "முதல்ல இது ஏன் இவ்வளவு கனக்குதுன்னு பாப்போம் தம்பி" என்று ஜாக்கி போட்டார். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை ஸ்டியரிங் வளையத்தில் மாட்டி, நின்ற வண்டியில் இழுத்துப் பார்த்தோம்: 14 கிலோ. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருந்தது. புதுக் கிரீஸ் அடிக்க அடிக்க, பழையது கறுப்புக் களிம்பாக வெளியே வந்தது. டயரில் காற்றும் குறைவு. இரண்டையும் சரிசெய்த பின் 10 கிலோ. இதைச் செய்யாமல் மோட்டார் வைத்தால் பாரம் குறையும், கோளாறு உள்ளேயே மறைந்து வளரும். பாய் சொன்னது முழுக்க நியாயம்.

ஜனவரி 10, வெள்ளி

ரேக் அண்ட் பினியன் வைக்கலாமே என்றார் நண்பர். அம்பாசிடரில் அது பிறவியிலேயே உண்டு. அதன் டார்ஷன் பார் சஸ்பென்ஷனும் ரேக்கும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. ஃபியட்டில் இருப்பது வேறு: மேலும் கீழும் இரு விஷ்போன், நடுவே காயில் ஸ்பிரிங், ஸ்டியரிங்குக்கு வார்ம் வகை பாக்ஸ். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது விஷ்போன் ஒரு வளைவில் அசைகிறது. சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் அதே வளைவில் அசைய வேண்டும். ரேக் வைத்தால் டை ராடின் உள்முனை இடம் மாறும், வளைவு ஒத்துப்போகாது. நாம் திருப்பாமலே சக்கரம் தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான். பழைய சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டு பாக்ஸுக்குக் கீழே எதை மாற்றினாலும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே, மேலே இருக்கும் ஸ்டியரிங் தண்டில் மட்டும் வேலை. மாருதி கார்களில் வருவதுபோல, தண்டிலேயே மோட்டார் பொருத்திய மின்சார பவர் ஸ்டியரிங்.

மாற்றத்துக்கு அனுமதி கேட்டுப் போக்குவரத்து அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை அலட்சியம் செய்யக் கூடாது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்காக 2021இல் வந்த வின்டேஜ் விதி சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் நாங்கள் அதில் சேரவில்லை. ஆனாலும் அந்த வரம்பை எங்கள் வரம்பாக வைத்துக்கொண்டோம்: சேஸியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடுவதில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பவர் ஸ்டியரிங் யூனிட்டும் வந்துவிட்டது. ஃபியட்டின் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியது; மோட்டார் அந்தக் கம்பியில் இடிக்காதபடி சாய்த்து வைக்கவே பாதி நாள் போயிற்று. தண்டுகளை இணைக்க வெல்டிங் வைக்கலாமா என்று லேத்காரர் கேட்டார். "ஸ்டியரிங் ஷாஃப்ட்ல வெல்டிங்கா? அது உசுரு சமாச்சாரம்" என்று பாய் மறுத்துவிட்டார். பல்வெட்டிய கப்ளிங் கடைந்து, போல்ட் போட்டு இறுக்கினார்கள்.

பிப்ரவரி 12, புதன்

இன்று மின்சார வேலை. வண்டியின் பழைய டைனமோ இந்த மோட்டாரின் பசியைத் தாங்காது. அதன் இடத்தில் லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டர் ஏறியது. தனி ஃபியூஸ், தனி ரிலே. வேகம் கூடும்போது மோட்டாரின் உதவி குறைய வேண்டும். அதற்காக ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஒரு சென்சார். தராசு இப்போது 3 கிலோ காட்டுகிறது. ஃபியூஸைப் பிடுங்கியும் ஓட்டிப் பார்த்தோம். பழையபடி கனக்கிறது, ஆனால் திரும்புகிறது. எனக்கு மிகவும் முக்கியமான சோதனை அதுதான்.

பிப்ரவரி 15, சனி

திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம். இரண்டு வேன்களுக்கு நடுவே அப்பா ஒரே ஒடிப்பில் வண்டியை நிறுத்தினார். "கை இலேசா இருக்குடா, ஆனா ரோடு எப்படின்னு கைக்குத் தெரியுது" என்றார். சஸ்பென்ஷன் 1971இல் இருந்தபடியே இருக்கிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் கிங்பின்னைப் பாருங்கள், பிறகு மோட்டாரைப் பற்றி யோசியுங்கள். ஸ்டியரிங் பாக்ஸுக்குக் கீழே எதையும் மாற்றாதீர்கள். கழற்றிய பழைய தண்டை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். நாளை யாராவது வண்டியைப் பழையபடியே ஆக்க விரும்பினால், அது அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.